வெயிலில் உலர்த்திய இறையியல்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது எங்கள் இளம் ஆயர் பின்னாலேயே வந்து என் பையை வாங்கிக்கொண்டார். ஆயர்மார் பையை வாங்கினால் ஏதோ வேலை வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் ஆயிற்று. “டீச்சரம்மா, அடுத்த வருஷம் நம்ம சபையில மாசத்துக்கு ஒரு இறையியல் புஸ்தகம் சேர்ந்து படிக்கலாம்னு இருக்கறோமுங்க. நீங்க நொம்பப் படிச்சவங்க. பன்னெண்டு புஸ்தகம் நீங்களே எடுத்துக் குடுத்துருங்க” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏற்காட்டில் எனக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, என்னதான் மிச்சமிருக்கிறது என்று பார்க்க அலமாரியைத் திறந்தேன். முகத்தில் அடித்தது பூஞ்சை வாசம். மலையில் குடியிருக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இங்கே ஆறு மாதம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். செருப்பில் பூஞ்சை பூக்கும், தோல்பையில் பூக்கும், கல்யாணப் பட்டுப்புடவையில்கூடப் பூக்கும். புத்தகங்களை அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதிலும் பெரிய பெரிய இறையியல் புத்தகங்கள் என்றால் தனி ருசி போலிருக்கிறது. யாரும் அடிக்கடி எடுத்துத் தொந்தரவு செய்வதில்லை அல்லவா.

நான் சேலத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்து வேலைக்கு மேலே வந்தபோது, ஆசிரியைகள் விடுதியை ஒட்டிய அறையில் அப்படி இரண்டு அலமாரி இருந்தன. எந்தெந்தக் காலத்து ஆயர்களோ விட்டுப்போனவை. தமிழும் ஆங்கிலமும் கலந்து கிடக்கும். திரித்துவம், கிருபை, உயிர்த்தெழுதல், கடைசிக் காரியங்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தடிப் புத்தகம் உண்டு. எனக்கு அப்போது இளம் வயது, தலைக்கனமும் இருந்தது. பி.எட். பாடத்தைப் பருவம் பருவமாகப் பிரித்து முடித்த மாதிரி, கடவுளையும் நாலைந்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

அந்த அட்டவணையைக் கிழித்தவள் எஸ்தர். என் அறையைப் பங்குபோட்டுக்கொண்ட கணக்கு டீச்சர். இதே மலையில் இருக்கும் வாழவந்தி ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் கடைசிவரை என்னை ‘டீச்சர்’ என்றும் ‘வாங்க, போங்க’ என்றும்தான் கூப்பிட்டாள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சண்டை போடும்போதுகூட இரண்டு பேரும் மரியாதை குறையாமல் போட்டுக்கொள்வோம். என் அட்டவணையை நின்று படித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “ஏனுங்க டீச்சர், உங்களுக்குப் பிடிச்சதாப் பாத்து நீங்களே எடுத்தா, ஏற்கெனவே தெரிஞ்சதத்தான மறுக்கா படிப்பீங்க? உங்களுக்கு நான் எடுக்கறனுங்க. எனக்கு நீங்க எடுங்க.”

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமானது. கிறிஸ்துமஸ் முடிந்து விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் இரண்டு அலமாரியையும் காலி செய்வோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காபிக்களம் இருந்தது. பறித்த பழத்தைப் பரப்பி உலர்த்தும் சிமெண்டுத் தரை. அதில் ஒரு மூலையை, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். மழை ஓய்ந்த டிசம்பர்க் கடைசியின் வெயில் எங்கள் மலைக்குக் கிடைக்கும் நல்ல சாமான்களில் ஒன்று. ஒரு பக்கம் காபி, ஒரு பக்கம் இறையியல். இரண்டையும் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். புளிப்பேறிய காபிப்பழத்தின் வாசமும் பழைய பசையின் வாசமும் கலந்து வரும். சாயங்காலம் பனி ஏறுவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுபோக வேண்டும்.

புரட்டிக்கொண்டே ஒருவருக்கொருவர் தேர்ந்தெடுப்போம். பறிப்புக் காலத்துக்கு ஒன்று, காபி பூக்கும் காலத்துக்கு ஒன்று, வெளியே தலைகாட்ட முடியாத மழைக்காலத்துக்குத் தடியாக ஒன்று. எடுத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பாதியில் விடக் கூடாது. முடித்த பிறகு, அதில் நம்மால் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடைசி விதி எஸ்தருடையது. எல்லாவற்றுக்கும் ஆமென் போடும் பழக்கம் எனக்கு இருந்தது. அதற்கு வைத்த வேட்டு.

அவள் எனக்கு எடுத்துக் கொடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் வியப்புத்தான். புத்தகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பாள். என்னை ரொம்ப நேரம் பார்ப்பாள். ஒரு வருஷம் பாவத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை மடியில் போட்டாள். “நான் என்ன பாவம் பண்ணினேன்?” என்று கேட்டேன். “பண்ணலீன்னு நெனைக்கறீங்க பாருங்க, அதுக்குத்தானுங்க” என்றாள். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. படித்து முடித்த பிறகு பேசினேன். என் அப்பா தவறி நான் இறுகிப்போயிருந்த வருஷத்தில் மரணத்தைப் பற்றியெல்லாம் எடுக்காமல் படைப்பைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். அதைப் படித்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நமக்கு எது குறைகிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் கூடவே இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போது தெரியவில்லை. வெறும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஒரு டிசம்பரில், களத்தில் புத்தகங்களை விரித்து முடித்துவிட்டு உட்கார்ந்தோம். அதற்கு முந்தின வாரம் வயிற்றுவலி என்று சேலத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வந்திருந்தாள். அவள் வழக்கத்துக்கு முன்னாலேயே எனக்கு எடுத்துவிட்டாள். இருப்பதிலேயே தடியானது, மரணம், நியாயத்தீர்ப்பு என்று கடைசிக் காரியங்களைப் பற்றியது. நாங்கள் அதற்கு ‘தலையணை’ என்று பேர் வைத்திருந்தோம். “மழைக்கு இதுங்க டீச்சர். ரூமுல தனியா இருப்பீங்க, பெருசா இருக்கட்டும்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள். வயிற்றில் கட்டி. பரவிவிட்டது. “அடுத்த கிறிஸ்துமஸ் எனக்கில்லீங்களாமா. டாக்டரு தெளிவாச் சொல்லீட்டாருங்க. அதனால எனக்குப் பாத்து எடுங்க.”

அதைச் சொல்லிவிட்டுக் காய்கிற புத்தகங்களைப் புரட்டிவிட எழுந்து போய்விட்டாள். நான் அவளுக்கு எடுக்க வேண்டும். இப்படி ஒரு வருஷத்துக்கு என்ன எடுப்பது, சொல்லுங்கள். தடிப் புத்தகங்களைத் தொடவே கை கூசியது. முடிக்க அவளுக்கு நாள் இருக்காது. சின்னதைக் கொடுத்தால் நாளை எண்ணிக் கொடுத்த மாதிரி ஆகும். சுகமளிக்கும் விசுவாசத்தைப் பற்றி ஒன்று இருந்தது, அது பொய். துன்பத்தால் கடவுள் நம்மைப் புடமிடுகிறார் என்று ஒன்று. அதை எழுதியவரை அந்த நேரத்தில் பார்த்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன். உயிர்த்தெழுதலைப் பற்றி மூன்று இருந்தன. மூன்றும் முன்னால் படித்து நான் உருகியவை. அந்த வெயிலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சாகப்போகாதவர்களுக்கு எழுதியதாகத் தெரிந்தது. இரண்டு அலமாரி. அத்தனை பேர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து யோசித்து எழுதியது. என் எஸ்தருக்குக் கொடுக்க அதில் ஒன்று இல்லை. என் விசுவாசம் எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்டால் அந்தக் களத்து மூலையைக் காட்டுவேன்.

பனி ஏறத் தொடங்கியதும் அவள் வந்து, “எனக்கு ஒண்ணும் எடுக்கலீங்களா?” என்றாள். “எதுவும் கிடைக்கலீங்க” என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப எதையும் வெளக்காததா ஒண்ணு குடுங்க” என்றாள். கைக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு தமிழ்ப் புத்தகம். கடவுள் நம்மை எப்படிப் பராமரிக்கிறார் என்பதைப் பற்றியது. அட்டை முதல் அட்டை வரை பூச்சி துளைத்திருந்தது. பராமரிப்பின் லட்சணம் அப்படி. வாய் தவறி இதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இதுதானுங்க டீச்சர், இதயே எடுத்துக்கறேன்” என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

பூக்கும் காலம் வரை அவளே படித்தாள். பிறகு புத்தகத்தைப் பிடிக்கக் கையில் வலுவில்லாமல் போனது. சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கிப்போய் நான் படித்துக் காட்டுவேன். எல்லா வரியிலும் ஓட்டை. முதலில் ஓட்டை வந்த இடங்களில் என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிப் படித்தேன். அன்பு, இரக்கம், கிருபை. மிஷன் பள்ளி டீச்சருக்கு அதற்கா பஞ்சம். அவள் கையை அசைத்து நிறுத்தினாள். “நீங்களாப் போட்டுப் படிக்காதீங்க. அங்க ஒண்ணுமில்லீன்னா நிறுத்தீட்டு, அப்புறமேட்டுக்கு இருக்கறதப் படிங்க” என்றாள். அப்படியே படித்தேன். தேவன் தம்முடையவர்களை என்பேன், நிறுத்துவேன். கைவிடுவதற்கு என்பேன், நிறுத்துவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த நிறுத்தங்களில் அவளுக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது பக்கத்துக் கட்டிலின் இருமல்தான்.

அவள் அம்மா காலடியில் உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு நாள் என்னைக் கேட்டார்: “ஏங் கண்ணு, இந்தப் பொஸ்தகத்துல நோவு எறங்கறதுக்கு எதாச்சும் போட்டிருக்குதா?”

“இல்லீங்கம்மா.”

“அப்பறம் எதுக்குச் சாமி இத்தன தொலவு வந்து படிக்கறே?”

எஸ்தர்தான் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: “டீச்சருக்கு நான் வேணுமுல்லம்மா. அதுக்குப் படிக்கறாங்க.”

மழை தொடங்கின வாரத்தில் போய்விட்டாள். வாழவந்தியில் அடக்கம். குடை பிடித்தும் எல்லோரும் நனைந்தோம். அப்போதிருந்த ஆயர் உயிர்த்தெழுதலைப் பற்றி நன்றாகவே பேசினார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தெந்த அதிகாரத்திலிருந்து எடுத்துப் பேசுகிறார் என்பதுகூடத் தெரிந்தது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அறைக்கு வந்து ‘தலையணை’யைத் திறந்து, விதிப்படி படிக்கப் பார்த்தேன். முன்னுரைகூடத் தாண்டவில்லை. ஒத்துக்கொள்ள முடியாததைக் கேட்க ஆளில்லாதபோது எதை ஒத்துக்கொண்டு என்ன?

அடுத்த டிசம்பரில் நான் மட்டும் அலமாரிகளைக் காலி செய்தேன். எனக்கு நானே எடுக்க முயன்றேன். எஸ்தர் சொன்னது சரிதான். எதை எடுத்தாலும் அது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. வெயில் இருக்கும்போதே அள்ளி உள்ளே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு இறையியல் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. நிறையப் படித்தவள் என்ற பேர் மட்டும் எப்படியோ வளர்ந்துகொண்டே வந்துவிட்டது.

இப்போது அந்தக் களம் ஒரு ரிசார்ட்டுக்காரர்கள் கார் நிறுத்துகிற இடம். விடுதியை இடித்துக் கட்டியபோது அலமாரிகளும் போயின. உள்ளே இருந்தவை எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. ஆயர் கேட்ட பன்னிரண்டையும் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல புத்தகங்கள்தான். மூளைக்குத் தெரிகிறது. அவர் வாங்கிப் பார்த்து நெகிழ்ந்துபோய், “உங்க விசுவாசம் எங்களுக்கெல்லாம் பெரிய ஆசீர்வாதமுங்க டீச்சரம்மா” என்றார். நான் சிரித்து வைத்தேன்.

இத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். பாட்டுக்கு எழுந்து நிற்கிறேன், ஜெபத்துக்குக் கண்ணை மூடுகிறேன். மூடின கண்ணுக்குள் யாரும் இல்லை. உடம்புக்கு முடியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சரம்மா’ என்றால், ‘கட்டாயம் பண்றேனுங்க’ என்கிறேன். பண்ணுவதில்லை. இந்த மலையில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எஸ்தர் இருந்திருந்தால் முதல் டிசம்பரிலேயே கண்டுபிடித்திருப்பாள்.