பாஸ்வேர்டு அக்கா

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பதினோரு வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பாஸ்வேர்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக அல்ல, ஆனால் எனக்குத் தெரியும். பிடிக்கவும் செய்தது.

சர்வருக்குள் நுழைய எங்களிடம் ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். முதலாளியின் பீரோவில் ஒட்டிய கவருக்குள் ஒரு பிரதி, மற்றது என் தலைக்குள். டிசைன், ஸ்டோர்ஸ், டெஸ்டிங் என்று யாருக்கு உள்ளே போக வேண்டியிருந்தாலும் என் மேசைக்கு வந்தாக வேண்டும். "ஏனுங்க்கா, கொஞ்சம் வந்து போட்டுத் தாங்க" என்பார்கள். எழுந்து போவேன். நான் கீபோர்டில் கை வைத்ததும் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஐம்பத்தைந்து வயது டிசைன் மேனேஜர்கூட தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராய்வார். அந்த நாலு விநாடிக்காகத்தான் தினமும் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். சரவணம்பட்டியில் ஏதோ ஐ.டி. கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவள். வந்த மூன்றாவது வாரமே முதலாளியிடம் போய், "ஒரே ஆளு கையில ஒரே பாஸ்வேர்டு இருக்கறது ரிஸ்க்குங்க. அக்காவுக்கு ஒரு காய்ச்சல்னா கம்பெனியே நின்னு போயிருமுங்க" என்றாள். என் காய்ச்சலைப் பற்றி அவளுக்கென்ன கவலை?

முதலாளி தலையாட்டிவிட்டார். அவள் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஆளாளுக்கு ஒரு ஜோடிச் சாவி உருவாக்கித் தரும் புரோகிராம். ஜோடி என்றால் இரண்டு பைல்கள். ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம், அதை சர்வரில் ஏற்றி வைப்பார்கள். மற்றது உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது. இரண்டும் பொருந்தினால் சர்வர் உள்ளே விடும். பாஸ்வேர்டு வேண்டாம். அக்காவும் வேண்டாம்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு சாவி முறையைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர தொட்டதில்லை. அவள் எழுதிய புரோகிராமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். குறை தேடினேனே ஒழிய, அது என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. குறையும் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாள். வயிறு எரிந்தது. டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் டைப் செய்து தன் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினாள். எல்லோரும் நின்று படித்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோரு வருடம் சர்வர் பார்த்தவளுக்கு நேற்று வந்தவள் குறிப்பு எழுதுவாளா? ஆனால் சாவி போடுவதில் நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வீம்பு. புரோகிராமை ஓட்டினேன். சாவியைப் பாதுகாக்க ஒரு ரகசியச் சொல் கேட்டது. ஒன்றும் கொடுக்காமல் என்டரைத் தட்டினேன். இரண்டு பைல்கள் வந்தன. ஒன்றின் பெயர் pub என்று முடிந்தது. அதை ஏதோ நோட்டீஸ் அச்சடிக்கிற மென்பொருளின் பைல் என்று என் கம்ப்யூட்டர் காட்டியது. குப்பை என்று நினைத்து விட்டுவிட்டு மற்றதை மெயிலில் இணைத்தேன். அவளுக்கு மட்டும் அனுப்பினால் போதும். நான் முதலாளிக்கும் எல்லா செக்ஷன் ஹெட்டுகளுக்கும் சேர்த்து அனுப்பினேன். "முதல் ஆளாக முடித்துவிட்டேன்" என்று ஒரு வரி வேறு.

ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் அவளிடமிருந்து பதில் வந்தது. "என் புரோகிராமில் ஒரு கோளாறு. அக்காவுக்குத் தவறான பைல் உருவாகிவிட்டது. அதைத் தயவுசெய்து எல்லோரும் அழித்துவிடவும். மன்னிக்கவும்."

அப்போதுதான் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். இரண்டாவது வரியே சிவப்பு எழுத்தில் இருந்தது. "pub என்று முடியும் பைலை மட்டும் அனுப்பவும். மற்றதை யாருக்கும், எனக்கும்கூட, கொடுக்க வேண்டாம்." என் காது சுட்டது.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். "என்ன கண்ணு, கோளாறு புடிச்சதையா எல்லாருக்கும் குடுத்திருக்கறே?"

"பாத்து சரி பண்ணிப்போடறேனுங்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பண்ணு. அது வரைக்கும் சாவியெல்லாம் நிறுத்திப்போடு. பழையபடி அக்காவே போட்டுத் தரட்டும். ஏனம்மணி, சரிதானே?"

"சரிங்க" என்றேன்.

இரண்டு நாள் என் ராஜ்ஜியம். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி முகங்கள் திரும்பின. சந்தோஷமாக இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். அவள் இல்லாத கோளாறைத் தேடுகிறவளாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "சரவணம்பட்டில இப்பிடித்தான் எழுதுவாங்களா கண்ணு?" என்று டிசைன் ஆட்கள் சீண்டினார்கள். சிரித்து வைத்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தப்பு மெயிலை பிரேம் போட்டு மாட்டியிருப்பேன். இது எனக்கே தெரிந்தபோது முன்பைவிட அதிகமாக எரிந்தது. வேலையில்தான் மிஞ்சினாள் என்றால் குணத்திலுமா?

மூன்றாம் நாள் காலை என் மேசைக்கு வந்தாள். "ஏனுங்க்கா, சர்வருக்குள்ள போகோணுமுங்க. கொஞ்சம் போட்டுத் தாங்க."

போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் ஒட்டிய காகிதம் இன்னும் அங்கேதான் இருந்தது, சிவப்பு வரியோடு. மூன்று எழுத்து அடித்தேன். நாலாவது வரவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை.

பக்கத்தில் இருந்த இன்டர்காமை எடுத்து முதலாளியை அழைத்தேன். "ஐயா, புரோகிராம்ல ஒரு கோளாறும் இல்லீங்க. குடுக்கக்கூடாத பைலை நாந்தான் எல்லாருக்கும் அனுப்பிச்சுப்போட்டேனுங்க. அந்தப் புள்ளை எனக்காகப் பழிய ஏத்துக்கிச்சுங்க."

ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். டிசைன் மேனேஜர் உட்பட எல்லோரும் என்னையே பார்த்தார்கள், ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. முதலாளி என்னவோ சொன்னார், காதில் ஏறவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் மட்டும் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பாஸ்வேர்டு அடித்து முடிக்கவில்லை என்பது போல.