வெளுத்த கிண்ணம்

எனக்கு வாய் நீளம். ஆம்பூரில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் அதுவும் தெரியும். கப்பல் வேலைக்குப் போன பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். போர்க்கப்பல்களுக்குக் கரியும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிற சரக்குக் கப்பலில், பம்ப் அறையில் எனக்கு வேலை. கப்பலின் அடியில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் அது. அதன் தண்டு முனையில் தோலால் செய்த கிண்ணம் ஒன்று இருக்கும். கிண்ணம் போனால் பம்ப் போச்சு. கழற்றிய கிண்ணங்களை எங்கள் இன்ஜினீயர் துரை எறியமாட்டார். கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டிவைப்பார். எந்த ஊர்த் தோல் எவ்வளவு உழைத்தது என்று அந்தக் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒருமுறை புதுக் கிண்ணங்கள் செய்கிற வேலை, என் அக்கா புருஷன் மேஸ்திரியாக இருந்த, தோல் பதனிடும் ஷாப்புக்குக் கிடைத்தது. நான் அப்போது லீவில் வந்திருந்தேன். பம்ப்புத் தோலுக்குக் கொழுப்பைக் காய்ச்சி நன்றாக ஊட்டவேண்டும். ஊட்டினால் தோல் கறுத்துப்போகும். எங்கள் ஊரிலோ வெளுத்த தோல்தான் நல்ல தோல். பட்டணத்து வியாபாரி நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவான். ஆனாலும் மாமா கறுப்பாகவே செய்வதாகத்தான் இருந்தார். சும்மா இருந்தேனா நான்?

"தொரைங்க நெறத்தத்தான் மாமா பாப்பாங்க. கொழுப்ப கம்மி பண்ணி, பளிச்சுன்னு அனுப்புங்க."

"அப்படியா மச்சான்? கப்பல் சமாச்சாரம் உனக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? துரை கிண்ணத்தின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மாமா அனுப்பிய வெளுத்த கிண்ணம் நடுக்கடலில் வெடித்தது. பம்ப் நின்று, அறைக்குள் முழங்கால் தண்ணீர். கம்பியிலிருந்து பழைய கிண்ணம் ஒன்றை உருவிப் போட்டுத்தான் பிழைத்தோம். வெடித்ததை துரை என் கையில் கொடுத்து, என் ஊர்த் தோல்தானே, என்ன கோளாறு என்று கேட்டார். பெட்டியில் மிச்சமிருந்ததும் அதே தோல். மறைத்தால் அடுத்த முறை ஆள் சாவான். கொழுப்பு போதவில்லை என்றேன். அது உண்மை. ஏன் போதவில்லை என்றார். செய்தவர்களுக்கு வேலை தெரியவில்லை என்றேன். இந்த நாக்குதான் அதையும் சொன்னது.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது மாமா மேஸ்திரியாக இல்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டும் கூலியாக இருந்தார். வெந்துபோன கைகளுக்கு அக்கா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கப்பல் ஆபீசுலேர்ந்து வந்து விசாரிச்சாங்க மச்சான்" என்றார் மாமா. "எவன் பேச்சக் கேட்டு கொழுப்ப கொறச்சேன்னு கேட்டாங்க. எவனும் சொல்லல, என் புத்திதான்னு சொல்லிட்டேன். உன்ன சொன்னா உன் வேலையும் பூடும். ரெண்டு ஊடும் எதுக்கு பட்டினி கெடக்கணும்?"

துரையிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நீள வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அக்கா சோறு போட்டாள். குனிந்து தின்றுவிட்டு எழுந்தேன். பாவி, இரண்டாம் முறை வேறு வாங்கித் தின்றேன்.

கப்பலுக்குத் திரும்பியபோது பம்ப்பில் வேறு ஊர்த் தோல், நல்ல கறுப்பு. சுவர்க் கம்பியில் கறுத்த கிண்ணங்களுக்கு நடுவே வெளுத்தது ஒன்று வெடித்த வாயோடு தொங்கியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் துரை அதைத் தொட்டுக் காட்டி, வேலை தெரியாத ஒருவன் செய்தது என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்று பம்ப்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.