தம்மை விடச் சொன்ன டாக்டர்

என் வீட்டுக்காரரைத் தெரியாத கபடிக்காரர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஜேடர்பாளையத்திலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் எந்த ஊரில் நோம்பி, திருவிழா என்று பந்தயம் போட்டாலும் மைக்கில் அவரைப் பற்றி ஒரு வசனம் வந்துவிடும். "இவருக்கு மாத்தாளு இன்னும் பொறக்கவே இல்லீங்க!" உடனே விசில் பறக்கும். அடிபட்டவனுக்கும் களைத்தவனுக்கும் பதிலாக இறக்கத்தான் ஒவ்வொரு டீமிலும் மாற்றாள் வைத்திருப்பார்கள். இவர் ஆடியவரைக்கும் இவருக்குப் பதிலாக யாரும் இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனாகக் கோட்டுக்குள் காலை வைத்தவர், தன்னோடு ஆடியவர்களின் பிள்ளைகள் மீசை முளைத்து அதே டீமுக்கு வந்து "மாமா, நீங்க மொதல்ல போங்க" என்று சொல்லும்வரை ஆடினார்.

பெருமைக்காக இதை எழுதவில்லை. பெருமையெல்லாம் ஊர்க்காரர்களுக்கு. சுளுக்குக்கு எண்ணெய் காய்ச்சியதும், பிசகிய விரலுக்குத் துணி கிழித்துக் கட்டியதும், காய்ச்சலோடு கிளம்புகிறவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததும் நான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்ததைவிட இவருடைய டிரவுசருக்கு ஒட்டுப் போட்டதுதான் அதிகம்.

எங்கள் கல்யாணத்தன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் முகூர்த்தம், மத்தியானம் பக்கத்து ஊரில் அரையிறுதி. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையைக் காணோம். மணிக்கட்டில் கட்டிய கங்கணத்தை அவிழ்க்காமல் மாப்பிள்ளை எங்கேயும் போகக் கூடாது என்று பெரியவர்கள் கத்துகிறார்கள். அங்கே நடுவரோ கையில் எதையும் கட்டிக்கொண்டு ஆடக் கூடாது என்கிறாராம். இவர் கங்கணத்தின் மேல் கைக்குட்டையைச் சுற்றி, "அடிபட்ட கட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் வேட்டியெல்லாம் செம்மண்ணாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "செயிச்சுட்டோம். பைனல் நாளைக்கு" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் என்ன சொல்ல? தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர் டீமின் கோட்டுக்குள் பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டு ஒரே மூச்சில் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் போச்சு. அந்த மூச்சுக்கு எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் வைத்த பேர் தம். நல்ல தம், தம் பத்தல, தம் கட்டுடா என்று நாளெல்லாம் அதே பேச்சுதான். வெளியே தம் என்றால் சிகரெட் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பீடி சிகரெட் யாரும் தொடாத வீட்டில் அந்த அர்த்தத்துக்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் தம் என்றால் இவருடைய மூச்சு. அவ்வளவுதான்.

ஆட்டம் சோறு போடாது. சோற்றுக்கு வண்டிக்குப் போனார். திருச்செங்கோட்டைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம், வண்டி என்றால் போர்வெல் போடுகிற ரிக் வண்டி. வடக்கே எங்கெங்கோ போய் மாதக் கணக்கில் கல்லைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் டிரில்லர். குழிக்குப் பக்கத்திலேயே நிற்கிற வேலை. கம்ப்ரசர் காற்று அடிக்க அடிக்கக் கல் மாவாகி வெளியே பொங்கும். அவர் கொண்டுவரும் துணியை மூன்று தண்ணீரில் அலசினாலும் வெள்ளையாகவே கரையும். ஆனால் தை பிறந்தால் வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும் ஓனரிடம் சண்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். நோம்பிகள் முடியும்வரை இங்கேதான். அதற்காக நான் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. "நாலு காசு வர்ற மாசத்துல மண்ணுல உருண்டுக்கிட்டு இருக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்பேன். "ஆடாட்டி எனக்குச் சோறு எறங்காது புள்ள" என்பார். அவ்வளவுதான் பதில். சரியான கல்லுளிமங்கன்.

அப்புறம் இருமல் வந்தது. சளி என்றோம், வடக்கத்திக் குளிர் என்றோம். ஒரு தை மாதம், பாடிப் போனவர் கோட்டுக்கு வந்து சேர்வதற்குள் தம் அறுந்து நின்றுவிட்டார். நடுவர் விசில் ஊதினார். கூட்டம் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அடுத்த நாளே இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர். உள்ளே ஒருவரைத்தான் விடுவோம் என்றாள் டோக்கன் கொடுத்த பெண். என்ன பேசினார்கள் என்பதைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர்தான் சொன்னார்.

"என்ன வேலைன்னு கேட்டாரு. வண்டிக்குப் போறனுங்கன்னேன். ஒடம்பு நல்லா முறுக்கிக் கெடக்குதே, வெளாட்டு ஏதாச்சும் உண்டான்னாரு. கபடிங்கன்னேன். அப்பறம் தம் உண்டுங்களான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தம்முக்கு என்ன கொறச்சலு, இஸ்கூல்ல இருந்தே உண்டுங்கன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை போகும்னாரு. தை மாசத்துல முப்பது நாப்பது கூடப் போகுமுங்க, மத்த நாள்ல கம்மிங்கன்னேன். மனுசன் தலையில கை வெச்சுக்கிட்டாரு. ஒடனே தம்மை உட்ருங்க, இல்லாட்டி நெஞ்சு தாங்காதுன்னுட்டாரு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில் சாதித்துவிட்டாரே! குலதெய்வமே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. "பெரிய டாக்டரே சொல்லிட்டாருங்க. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்றேன். "ம்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. அந்த வருஷ நோம்பிக்கு எங்கள் ஊரிலேயே பந்தயம் நடந்தது. மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. இவர் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்தார். முதல் தடவையாக அவருக்குப் பதில் ஓர் ஆள் இறங்கினான். அடுத்த நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "வண்டிக்கே போறேன். இங்கிருந்து என்ன பண்றது?" என்றார். அதற்கப்புறம் தை மாதத்திலும் அவர் ஊருக்கு வரவில்லை. வருஷம் முழுக்க வண்டியிலேயே இருந்தார். போனில் இருமல் சத்தம்தான் அதிகம் கேட்கும். "தம்மைத்தான் உட்டுட்டனே, சரியாயிரும்" என்பார். நானும் "ஆமாங்க, சரியாயிரும்" என்பேன்.

எங்கே சரியானது? ரெண்டு வருஷம் கழித்து வண்டிக்காரர்களே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வாசலில் இருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு வயதான அம்மா. யார் தடுத்தாலும் கேட்பதில்லை என்று நானும் உள்ளே போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார், "தம் பழக்கம் உண்டா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே உட்டுட்டனுங்க. இப்பெல்லாம் ஆட்டத்துப் பக்கமே போறதில்லீங்க."

"ஆட்டத்துக்கும் சிகரெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சிகரெட்டா? யாருங்க சிகரெட் குடிச்சது?" என்று நான்தான் கத்தினேன். அந்த அம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டி என்றால் என்ன வண்டி? ரிக்குங்க. அதில் என்ன வேலை? டிரில்லருங்க. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது கல்லுப் பொடிங்க. வருஷக் கணக்கா நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. நீங்க விட்டிருக்க வேண்டியது அந்த வேலையை. ஆட்டத்தை எதுக்கு விட்டீங்க? ஆடறதுக்கு ஊருக்கு வந்த மாசங்கள்லயாவது தூசி இல்லாம இருந்திருக்கும்."

முதலில் பார்த்த டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கி என்ன கேட்பது? அவர் சொன்னது தமிழ், இவர் சொன்னதும் தமிழ். ஒரே ஒரு கேள்வி, அந்த வண்டி என்ன வண்டி என்று யாராவது கேட்டிருந்தால்! நான் அழுதுகொண்டே அந்த அம்மாவிடம் மருந்து, ஆபரேஷன், கோயமுத்தூர், சென்னை என்று எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் அதில் எதையும் கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மூச்சு வாங்கி வாங்கி ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப... ஆடியிருக்கலாமுங்களா?"

அந்த அம்மா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "ஆடியிருக்கலாம்" என்றார்.

அவரை வெளியே உட்காரவைத்த பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு, உள்ளே போன பொடி இனி வெளியே வராது, நுரையீரல் கெட்டியாகிவிட்டது என்றார். தை வரைக்கும் தாங்கினாலே பெரிது என்றார். நான் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் சொல்லவே இல்லை.

இப்போது ஆவணி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. கரண்டு போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். அதனால் தையல் மெஷினை இந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் நோயைப் பற்றிக் கேட்பார்கள். இவர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார். "ஆடியிருக்கலாமாமுங்க." சொந்தக்காரர்களிடம், பழைய டீம் ஆட்களிடம், சமையல் கேஸ் போட வருகிறவரிடம் எல்லாம் அதேதான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. மூச்சே விட முடியல, இந்த மனுஷனுக்கு ஆட்டம் ஒரு கேடா என்று ஒரு நாள் கேட்டும் விட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

நேற்றுக் காலையில் பால்காரரிடமும் சொன்னார். பாவம், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஆடலாமுங்க, ஏனுங்க ஆடாம? தை மாசம் நோம்பிக்குள்ள தேறிருவீங்க. உங்களுக்கு மாத்தாளு எவன் இருக்கறான்?" என்றார் சத்தமாக.

இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தலையை என் பக்கம் திருப்பி, "தையிக்கு இன்னும் எத்தன மாசம் புள்ள?" என்று கேட்டார்.

"அஞ்சு மாசந்தானுங்க" என்றேன்.