தண்ணீரைவிட உயரமானவள்

எங்கள் கம்பத்துக் கிராமத்தில் வெள்ளம் ஏறினால் பிள்ளைகளைத்தான் முதலில் வெளியேற்றுவார்கள். சிராங்கூன் சாலையைத் தாண்டி, ஆற்றோரப் பள்ளத்தில் இருந்தது எங்கள் பலகை வீடு. மேட்டில் குடியிருக்க எங்களுக்கு வசதியில்லை. மழை வலுத்ததும் மாமா என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போய், பெரியம்மாவின் அடுக்குமாடி வீட்டில் இறக்கிவிடுவார். எனக்கு மானமே போய்விடும்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒவ்வொரு முறையும் வெள்ளம் நின்ற உயரத்தைக் கதவு நிலையில் கரிக்கோடாகப் போட்டுவைப்பார். "உன் தோளு இருக்கறதுலயே உசந்த கோட்டுக்கு மேல வந்துச்சுன்னா, நீயும் எங்க செட்டு லா" என்று சீண்டுவார். அந்த ஆண்டு என் தோள் கோட்டைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம். அம்மா தைத்து முடித்த ஊரார் ரவிக்கைகள் கட்டிலில் குவிந்திருந்தன. அவை சாக்கடைத் தண்ணீரில் நனைந்தால், பிறகு யாரும் அம்மாவிடம் துணி கொடுக்கமாட்டார்கள். காலையில் பிடித்த மழை விடவேயில்லை. தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தார்.

மாமா வழக்கம்போல என்முன் முதுகைக் காட்டிக் குனிந்தார். நான் ஏறவில்லை, கதவு நிலையைக் காட்டினேன். அம்மா கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரவிக்கைகளை ரப்பர் விரிப்பில் சுற்றி என் தலையில் வைத்தாள். "கீழ போட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம்.

தையல் மெஷினின் தலையைத் தோளில் சுமந்தபடி மாமா முன்னால் நடந்தார். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். இடுப்பளவு தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. பிறகு தாடையைத் தொட்டது. ஆனாலும் மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. சாலை மேட்டில் ஏறி மூட்டையைப் பிரித்தோம். ஒரு ரவிக்கைகூட நனையவில்லை.

அம்மா யாரையும் லேசில் பாராட்டமாட்டாள். ஆனால் பெரியம்மா வீட்டுக்குத் துணி வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "எம்மக தலையில தூக்கிட்டு வந்தது" என்றாள். அதைக் கேட்பதற்காகவே நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் மனம் பூரித்துப்போகிறது.

தண்ணீர் வடிந்ததும் மாமா புதுக்கோடு போட்டார். அது என் தோளுக்கு மேலே இருந்தது.

"நான்தானே மாமா வளந்தேன்?"

"அதுவும் வளருது லா. மழையும் முன்ன மாதிரி இல்ல, பேஞ்சா கொட்டித் தீக்குது."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நான் போதுமான அளவு வளரவில்லை என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து இரண்டு வேளையும் பால் குடித்தேன்.

அடுத்த வாரம் சாலையோரம் நின்றபோது, செம்மண் லாரிகள் வரிசையாக மேட்டுப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அங்கே காய்கறித் தோட்டங்களையும் வாத்துக் குளங்களையும் தூர்த்து, புது அடுக்குமாடிகள் கட்டினார்கள். எங்களுக்கும் அங்கே ஒரு வீடு கிடைக்கும் என்று பேச்சு. நான் தெனாவட்டாகக் கையாட்டினேன். ஓட்டுநர் ஒருவர் ஹார்ன் அடித்தார். என் புகழ் அவர்வரை எட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். குளங்களில் தங்கிநின்ற மழைத்தண்ணீர், அந்த மண்ணுக்கு இடம்விட்டுத்தான் எங்கள் பள்ளத்துக்கு ஓடிவந்தது என்பது எனக்குத் தெரியாது. கடைசி லாரி போகும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தேன்.