எஞ்சின் சத்தத்தை நீக்குதல்

துறைமுகத்தடி ஆய்வறையில், எங்கள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அக்காவின் காதுகளில் கிடந்த அந்தக் கறுப்பு ஹெட்போன்தான் முதலில் நினைவில் எழுகிறது. கடலடியில் மாதக்கணக்காய்க் கிடந்த ஒலிவாங்கி பதிந்ததையெல்லாம் கணினிக்குள் கொட்டி, நீலத் திமிங்கிலங்கள் எப்போது வந்தன, எப்போது குரல் கொடுத்தன என்று தேடுவது எங்கள் வேலை. அந்தக் குரல் மனிதக் காதுக்கு எட்டாத ஆழம். பல மடங்கு வேகமாக ஓட்டினால்தான் கேட்கும். அப்படி ஓட்டும்போது மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின்கள் காதடியில் பறக்கும் நுளம்புகளாய்ச் சிணுங்கும். அவற்றைக் குப்பையென்று நீக்கக் கணினியைப் பழக்கியிருந்தோம்.

இறக்கக்கண்டியில் கடலுக்குப் போகும் அக்காவின் தம்பி அதைச் சொல்லியே சிரிப்பான். “என்ர எஞ்சின் இருமுறதையும் குப்பையெண்டு கூட்டித் தள்ளுவியளோ அக்கா?”

ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் அவன் கரை திரும்பவில்லை. போட்டின் துண்டுகூடக் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் அந்தியேட்டிக் கிரியை செய்ய அவர்களுடைய அம்மா விடவில்லை. பின்னேரங்களில் கடற்கரை மணலில் போய் நின்றார்.

காற்று அடங்கியபின் ஒலிவாங்கியைத் தூக்கினோம். அந்த நாளின் பதிவை அக்கா வேகம் கூட்டாமல், கடல் கேட்ட வேகத்திலேயே ஓட்டினார். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதோடு சேர்த்தார். திமிங்கிலங்கள் காதுக்குக் கீழே அமிழ்ந்துபோக, இருமுகிற எஞ்சின் ஒன்று மேலே வந்தது. நின்றது. இழுத்து இழுத்து மறுபடி பிடித்தது. நின்றது. பிறகு கனமாய் ஏதோ புரண்டு நீரில் அறைந்தது. அதன்பின் கடல், வெறும் கடல்.

“சொன்னால் அம்மா அழுது முடிப்பா. சொல்லாட்டி, வழி பாத்துக்கொண்டாவது இருப்பா. எது நல்லது, சொல்லும் பாப்பம்?”

கேட்டுவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றினார். மற்ற நாட்களைப் போலவே அந்த நாளையும் அக்கா கணினியிடம் கொடுத்தார். எஞ்சின் போயிற்று. எங்கள் வரைபடத்தில் அன்று திமிங்கிலங்கள் மட்டும், அவ்வளவு துப்புரவாக, அவ்வளவு அழகாக.

இந்த வருடம் அக்காவும் நோயில் போய்விட்டார். இப்போதெல்லாம் கணினி தானாகவே கேட்டு, தானாகவே நீக்கிவிடுகிறது. யாருடைய காதும் தேவையில்லை. செத்தவீட்டில் அம்மா என் கையை விடவேயில்லை.

“மகள், இனி அந்த மெசினை நீதானே பாக்கிறது. என்ர பெடியன்ர சத்தம் ஏதும் பிடிபட்டால் ஒளிக்காமல் சொல்லுவாய், என்ன?”

“ஓம் அம்மா,” என்றேன்.