படகுக்குப் பிரேக் இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜீயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் பிரசவ நர்ஸ். காவிரி நடுவே ஒரு திட்டில் வாழை போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. ஆற்றில் தண்ணீர் ஏறினால் அங்கே போக வழியில்லை. ஒரு வருஷம் வெள்ளத்துக்கென்று எங்களுக்கு ஒரு படகு வந்தது. பின்பலகையில் மோட்டார் மாட்டியது. அதை ஓட்ட, அதுவரை ஆபீஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவரை அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும். நீந்தத் தெரியும் என்பதுதான் தகுதி.

முதல் நாள் திட்டுக்குப் போய்த் திரும்பினோம். திட்டின் ஓரம் மணல் தட்டியதால் மோட்டாரை மேலே தூக்குவதற்காக அதைப் பிடித்திருந்த கொக்கியைக் கழற்றினார். ஆழம் வந்ததும் மோட்டாரை இறக்கினார், கொக்கியை மாட்ட மறந்துவிட்டார். கரைப் படித்துறைக்கு நீரோட்டத்தோடு வந்தோம். கருங்கல் படிகள் வேகமாக நெருங்கின. அவருடைய வலது கால் பலகையை ஓங்கி மிதித்தது. பிரேக்கைத் தேடியிருக்கிறது. இல்லை என்றதும் கை ரிவர்ஸை இழுத்தது. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கொக்கி இல்லாத மோட்டார் எம்பி நிமிர்ந்தது. விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் அலறியது. படகு நிற்கவில்லை. நான் மடத்தனமாகக் கையை நீட்டிப் படியைத் தள்ளப் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல்கள் கல்லுக்கும் படகுக்கும் நடுவே நசுங்கின.

அவர் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார்.  "லாரியா இருந்தா நிறுத்தியிருப்பேங்க, நர்சம்மா" என்றார். 

ஆபீஸில் என்னிடம் எழுத்து மூலம் விவரம் கேட்டார்கள். அவரை மாற்றிவிடுவது முடிவாகியிருந்தது போலத்தான் பேச்சு இருந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதினேன். கடைசியில், ஒரு நாள்கூடப் பழக விடாமல் வெள்ளத்தில் அனுப்பியதையும் எழுதி, அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்ன நினைத்தார்களோ, கொடுத்தார்கள்.

தண்ணீர் சற்று வடிந்திருந்த அந்த வாரம் முழுக்க அவர் வெறும் படகை ஓட்டிப் பழகினார். நான் கைக்கட்டோடு கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை ரிவர்ஸில் வேகம் கூட்டிவிட்டார். பின்பலகை தாழ்ந்து, தண்ணீர் அதற்கு மேலாக உள்ளே புகுந்தது. முழங்கால் நனைய உட்கார்ந்து இறைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சமாத்தான் கொடுக்கணும் போலிருக்கு."

அடுத்த வாரம் திட்டிலிருந்து ஓர் ஆள் நீந்தி வந்து கூப்பிட்டார். படகில் போய்ப் பார்த்தேன். தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பெண்ணைப் படகின் நடுவில் படுக்க வைத்தோம். அவள் மாமியார் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புறப்படும் முன் அவர் மோட்டாரைக் கையால் தூக்கிப் பார்த்தார். கொக்கி விடவில்லை.

"கரை வர்றப்ப யாரும் கையை வெளியே நீட்டாதீங்க. இடிச்சாலும் படகு இடிக்கட்டும்" என்றார்.

படித்துறையைத் தாண்டிக் கீழே போய், படகைத் திருப்பி, நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல ஏறி வந்தார். நல்ல தூரம் இருக்கும்போதே வேகத்தை அடியோடு குறைத்தார். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். விசிறி ஓயும்வரை ஒரு மூச்சு காத்திருந்தார். அந்த ஒரு மூச்சு எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. பிறகு ரிவர்ஸ், துளி வேகம். படகு தயங்கியது. படி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கயிற்றை வாங்கக் கரையில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள்.

கண்ணை மூடிப் படுத்திருந்த அந்தப் பெண், "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டாள்.

"வந்தாச்சும்மா" என்றேன்.

அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். செய்தி கேட்டு அவர் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். சட்டையெல்லாம் மோட்டார் எண்ணெய், இப்படியே வரக் கூடாது என்று சொல்லி வெளியே நின்றுவிட்டார். நான்தான் குழந்தையைத் துணியில் சுற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன்.