மும்தாஜ் அக்கா வீட்டுப் படிகள்

தருமபுரியில் நாங்கள் இருக்கும் பழங்காலத் தெருவில் வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்திருக்கும். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா வீட்டுக்குள் குனிந்துதான் இறங்க வேண்டும். புதிதாகக் குடிவந்த நான், "பள்ளத்துல கட்டிட்டாங்க. இடிச்சுட்டு உசத்திக் கட்டுங்கக்கா" என்று ஓயாமல் சொல்வேன்.

போன மாதம் குழாய் பதிக்க அவர் வாசலை ஒட்டித் தோண்டினார்கள். தாருக்கு அடியில் ஜல்லி, அதற்கடியில் மறுபடியும் தார். அதற்கும் கீழே, நடுவில் தேய்ந்து குழிந்த ஐந்து கருங்கல் படிகள்.

"மாமியார் இத படியேறி வந்த வூடும்பாங்க. எந்தப் படின்னு இன்னிக்குத்தாங்க பாக்கறேன்," என்றார் அக்கா.

இத்தனை காலமாகத் தெருதான் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படிவரை இறங்கினேன். அங்கிருந்து அந்த வாசலை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் குழியை மூடிவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் இப்போதும் குனிந்துதான் நுழைகிறேன். முன்பெல்லாம் தலை இடிக்குமே என்று குனிந்தேன்.